மேலே போகும் இ.சி.ஜி.யும் கீழே வராத பதிலும்

(சுந்தரபாண்டியத்தில் மருத்துவப் பணியாளர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இ.சி.ஜி. படிக்கக் கற்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, ஊர்ப் பொதுவில் எதற்கு என்று யாராவது நினைக்கலாம். இந்த ஊரில் நின்று பார்த்தால் காரணம் புரியும். அடைபட்ட இதயக் குழாயைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதியுள்ள மதுரை நமக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடு இரவில் ஒருவருக்கு நெஞ்சடைத்தால் அவருடைய முதல் இ.சி.ஜி.யை இதய நிபுணர் எடுப்பதில்லை. ஒரு சிஸ்டர் எடுக்கிறார். படிப்பு முடித்து ஓராண்டு, ஈராண்டு ஆன ஓர் இளம் மருத்துவர் அதைப் பார்க்கிறார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டத்தில் யாராவது மூச்சு வாங்கி உட்கார்ந்து, அடிவாரமான தாணிப்பாறைக்குத் தூக்கி வரப்பட்டாலும் இதே நிலைதான். அந்தத் தாளை முதலில் கையில் எடுப்பவருக்கு அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்கிறதா? மதுரையின் வசதியெல்லாம் நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இதைப் பொறுத்தது.

இந்தக் கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரரான வில்லெம் ஐந்தோவன் ஜாவாத் தீவில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் லைடன் நகரத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியைச் செய்தார். அதன் எடை 270 கிலோ அளவில் இருந்தது, இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளில் இரண்டு கைகளையும் ஒரு காலையும் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாததால், 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தன் ஆய்வகத்திலேயே பதிவு செய்தார். அலைகளுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று இன்றைக்கும் நாம் சொல்லும் பெயர்கள் அவர் வைத்தவை. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளி ஓரிடத்தில், படிப்பவர் வேறிடத்தில் என்ற ஏற்பாடு இந்தக் கருவியோடு கூடவே பிறந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு உலகமே கவனிக்கும் அளவுக்குச் செய்து காட்டியிருக்கிறது. கோவையிலிருந்து மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையிலிருந்து மருத்துவர் அஜித் முல்லாசரியும் முன்னின்று, ஸ்டெமி என்ற கடும் மாரடைப்பு வகைக்காக நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தில், குழாயைத் திறக்கும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அதோடு இணைத்தார்கள். சிறிய இடத்தில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய இடத்துக்குப் போகும். அடைப்பு என்று உறுதியானால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பிறகு நோயாளியை நடு மருத்துவமனைக்கு அனுப்பிக் குழாயைப் படம் பிடித்துத் திறப்பார்கள். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று ஒப்பிட்டு, 2017இல் அமெரிக்க மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேராக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. குழாயைப் படம் பிடித்துப் பார்க்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 35 பேரிலிருந்து ஏறக்குறைய 61 பேராக உயர்ந்தார்கள். பணக்கார நாடுகளின் வசதியில்லாமல் சாதாரண மக்களிடம் கிடைத்த இந்தப் பலனை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. இரத்த ஓட்டத்தைத் திறக்க ஆகும் நேரம் பெரிதாக மாறவில்லை. ஊசியோ குழாயைத் திறக்கும் பலூனோ முன்பு எவ்வளவு நேரத்தில் கிடைத்ததோ ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் பின்னாலும் கிடைத்தது. நோயாளி வீட்டிலிருந்து கிளம்பத் தாமதிப்பது முதல் இதற்குப் பல காரணங்கள் இருக்கும். என் கணிப்பில் ஒரு காரணம் முதல் தாளைப் பார்ப்பவரின் தயக்கம். இ.சி.ஜி.யை மேலே அனுப்பக் கம்பியும் செயலியும் வந்துவிட்டன. கீழே இருப்பவரின் கண்ணைப் பழக்க நாம் அதே அக்கறை காட்டவில்லை.

இதைச் சிஸ்டர்கள் மேல் சொல்லும் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டேவிட் குக் என்பவரும் அவருடன் இருவரும் உலகெங்கும் நடந்த 78 ஆய்வுகளைத் திரட்டி 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தேர்வாக வைத்த இ.சி.ஜி.க்களில் மருத்துவ மாணவர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 42. பட்டமேற்படிப்பில் இருப்பவர்கள் ஏறக்குறைய 56. அனுபவமுள்ள பொது மருத்துவர்கள் 68. இதய நிபுணர்களே 75ஐத் தொடவில்லை. பயிற்சிக்கு முன் 54 ஆக இருந்த நடு அளவு பயிற்சிக்குப் பின் 67தான் ஆனது. ஆக, இது நம் கிராமத்துக் குறை இல்லை. உலகம் முழுக்க இ.சி.ஜி. சொல்லிக்கொடுக்கும் முறையில் உள்ள குறை.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் தென்னாப்பிரிக்கப் பேராசிரியர் லியோ ஷாம்ரோத்தின் புத்தகத்தில் படிக்கிறார்கள். அருமையான புத்தகம், நானும் அதில் படித்தவன்தான். அதில் ஓர் அதிகாரத்தைத் திறந்தால் ஒரே வகை இ.சி.ஜி.க்கள் வரும். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு என்று தலைப்பிட்ட பக்கத்தில் உள்ள தாள்களெல்லாம் கீழ்ச்சுவர் அடைப்புதான். மாணவர் கீழ்ச்சுவரைக் காட்டும் பதிவுகளான இரண்டாவது லீட், மூன்றாவது லீட், ஏ.வி.எஃப். லீட் மூன்றையும் பார்த்து, ஆமாம் கோடு தூக்கியிருக்கிறது என்பார். அவசரப் பிரிவில் நோயாளியின் நெற்றியில் அதிகாரத் தலைப்பு எழுதியிருக்காது. அங்கே கேள்வியே வேறு. இது அடைப்பா, இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சியா, இளம் ஆண்களின் தாளில் இயல்பாகவே தெரியும் கோட்டின் சின்ன உயர்வா, பல வருட இரத்த அழுத்தத்தால் தடித்த இதயமா?

கனடாவைச் சேர்ந்த ஹடாலா, புரூக்ஸ், நார்மன் மூவரும் 2003இல் இதைச் சோதித்தார்கள். ஒரு மாணவர் குழுவுக்கு வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே இ.சி.ஜி.க்களைக் கலந்துபோட்டுப் பயிற்சி. பிறகு இரு குழுக்களுக்கும் புதிய தாள்களைக் கொடுத்தார்கள். பிரித்துப் படித்தவர்கள் நூற்றுக்கு முப்பது அளவில் சரியாகச் சொன்னார்கள். கலந்து படித்தவர்கள் நாற்பதைத் தாண்டினார்கள். கூடுதல் செலவு ஒரு பைசாகூடக் கிடையாது. சீட்டைக் கலைத்துப் போட்டதற்குக் கிடைத்த பலன் இது. நம் பயிற்சி முகாம்களில் இன்றும் வகுப்புக்கு ஒரு நோய் என்றுதான் பாடம் நடக்கிறது. இதை மாற்ற அரசாணை தேவையில்லை. பாடம் எடுப்பவர் அடுத்த வகுப்பிலேயே மாற்றலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

இந்த ஊரில் கைத்தறி நெய்பவர்கள் இருக்கிறீர்கள். தறியில் ஓடும் சேலையில் ஓர் இழை அறுந்தால், எங்களுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். அந்தக் கண் எப்படி வந்தது? சேலையைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் விரித்ததும் குறை எங்கே இருக்கிறதென்று அங்கேயே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். கூலியும் அதற்கேற்றபடிதான். நெய்த கைக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பதில் வருஷக்கணக்கில் கிடைத்துக் கிடைத்துக் கண் கூர்மையாகிறது.

இ.சி.ஜி. எடுக்கும் சிஸ்டருக்கு அந்தப் பதில் கிடைப்பதில்லை. அவர் தாளை எடுக்கிறார், கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், மேலே இருந்து ஒரு வரி உத்தரவு வருகிறது, 108 வண்டி நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறது. அதோடு அவரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. மதுரையில் குழாயைப் படம் பிடித்தபோது எந்தக் குழாய் அடைபட்டிருந்தது, அடைப்பே இல்லையா, நோயாளி பிழைத்தாரா என்ற செய்தி எதுவும் கீழே திரும்பி வருவதில்லை. வண்டியில் கூடவே போன தம்பிக்கும் தெரியாது. அனுப்பி வைத்த மருத்துவருக்கும் தெரியாது. சரியாகப் பார்த்திருந்தால் அது சரி என்று தெரியாது, தவறவிட்டிருந்தால் அது தவறு என்றும் தெரியாது. இப்படி ஆயிரம் தாள் பார்த்தாலும் முதல் நூறில் கற்றதுக்கு மேல் பெரிதாக எதுவும் சேராது. நாம் அனுபவம் என்று மதிப்பதில் பாதி, பதில் வராமலேயே கழிந்த வருஷங்கள் என்பது என் கவலை.

இப்போது செயற்கை நுண்ணறிவு இ.சி.ஜி. படிக்கிறது என்று செய்தி வருகிறது. உண்மைதான், நன்றாகவே படிக்கிறது. அந்தக் கணினி எப்படிக் கற்றது? இலட்சக்கணக்கான தாள்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் சரியான விடையையும் கூடவே கொடுத்தார்கள். இயந்திரத்துக்கு ஒவ்வொரு தாளுக்கும் விடை கொடுக்க முடிந்த நாம், உயிரோடு உழைக்கும் ஒரு சிஸ்டருக்கு மாதம் பத்து விடைகளைக் கொடுக்கவில்லை. எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

கணினியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இன்றைய இ.சி.ஜி. கருவிகள் தாளின் மேலே தாங்களாகவே ஒரு முடிவை அச்சிட்டுத் தருகின்றன. அந்த முடிவு சரியாக இருந்தால் மருத்துவர்களின் கணிப்பு உயர்கிறது, தவறாக இருந்தால் அவர்களும் கூடவே தவறுகிறார்கள் என்று 2003இலேயே ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நோயாளியைப் பற்றி முன்கூட்டித் தவறான விவரம் சொன்னாலும் இதே விளைவுதான். அதனால் பயிற்சி மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, தாளின் மேற்பகுதியை மடித்துவிட்டு அலைகளை நீங்களே பாருங்கள். பார்த்ததைப் பென்சிலால் ஓர் ஓரத்தில் எழுதுங்கள். அதன் பிறகு மடிப்பைப் பிரியுங்கள். எழுதாமல் மனத்துக்குள் நினைத்துக்கொண்டால், விடை தெரிந்த பிறகு நாமும் அதைத்தான் நினைத்தோம் என்று மனம் சொல்லும். எழுதியது அங்கேயே நிற்கும்.

படிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எடுப்பது சரியாக இல்லாவிட்டால் படிப்பது வீண். மார்பில் ஒட்டிப் பிடிக்கும் மின்முனைப் பல்புகளை ஆறு இடங்களில் வைக்கும் முறையை 1938இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய அமைப்புகள் சேர்ந்து வகுத்தன. முதல் இரண்டும் நெஞ்செலும்பின் இரு பக்கமும், நான்காம் விலா இடைவெளியில். அதைக் கண்டுபிடிக்கக் கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே நகர்த்தினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ளது இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். அவசரத்தில் எண்ணாமல் கண் மதிப்பில் வைத்தால் பெரும்பாலும் மேலே போய்விடுகிறது. ஓர் இடைவெளி, இரண்டு இடைவெளி மேலே போனால், இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தெரியும்.

பெண்களுக்கு எடுக்கும்போது இந்தப் பிழை அதிகம். காரணம் எல்லோருக்கும் தெரியும். மறைப்பு இருக்காது, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், அந்த அம்மாவுக்கும் கூச்சம், எடுப்பவருக்கும் கூச்சம். ஜாக்கெட்டை லேசாக நகர்த்தி, எட்டிய இடத்தில் பல்பை வைத்துவிடுகிறார்கள். மார்பகத்தைத் தூக்கி அதன் கீழே வைக்க வேண்டியது மேலே போய்விடுகிறது. பெண்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் பலருக்கு நெஞ்சு வலியே தெளிவாக வராது. மூச்சு முட்டுகிறது, வேர்க்கிறது, சோர்வாக இருக்கிறது என்றுதான் வருவார்கள். நோய்க்குறியும் மங்கல், இ.சி.ஜி.யும் தவறான இடத்தில் எடுத்தது என்றால் அந்த அம்மா எப்படிப் பிழைப்பார்? ஒரு துணித் திரையும், கூட்டத்தை வெளியே நிறுத்தும் உறுதியும்கூட இ.சி.ஜி. கல்வியில் சேர்ந்தவைதான். துணிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கை கிளிப்புகள் இடம் மாறுவதும் உண்டு. வலக்கையில் மாட்ட வேண்டியதை இடக்கையில் மாட்டினால் முதல் லீட்டில் எல்லாமே தலைகீழாகும், ஏ.வி.ஆர். லீட் நிமிர்ந்து நிற்கும். அப்படித் தெரிந்தால் நோயைத் தேடுவதற்கு முன் கிளிப்பைப் பாருங்கள்.

தாள் ஒன்று எப்படி முடிவை மாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன், பொதுமக்களுக்கும் இது பயன்படும். கீழ்ச்சுவர் மாரடைப்பில் பலருக்கு மேல்வயிற்றில்தான் சங்கடம். குமட்டும், வாந்தி வரும். வாயுப் பிடிப்பு என்று சோடா குடிப்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், விடியட்டும் என்று படுப்பார்கள். அப்படி வருபவரின் தாளில் கீழ்ச்சுவர் லீட்டுகளில் எஸ்.டி. எலிவேஷன், அதாவது கோட்டின் எஸ்.டி. பகுதி தூக்கியிருப்பது, தெரிந்தால், மார்பின் வலப்பக்கத்திலும் ஒரு லீட் எடுத்துப் பார்க்க வேண்டும். இதயத்தின் வலக்கீழ் அறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நாம் வழக்கமாக நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று தள்ளிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கி வைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அதேபோல முன் மார்பு லீட்டுகளில் எஸ்.டி. இறங்கியிருந்தால், இதயத்தின் பின்சுவர் அடைப்பு கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாகத் தெரிகிறதா என்று யோசித்து, முதுகுப் பக்கம் பல்பு வைத்து எடுக்க வேண்டும். முதல் தாள் சரியாக இருந்தாலும் வலி இருக்கும்வரை பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். ஒரு இ.சி.ஜி. நார்மல் என்றதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இல்லாத அடைப்பை இருப்பதாக எண்ணிக் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். அதனால்தான் எல்லாத் தாளையும் ஆபத்து என்று சொல்லிவிடுவது தீர்வாகாது. பார்க்கத் தெரிய வேண்டும்.

அதற்கான அடித்தளம் இப்போது இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்படுபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாக ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மருந்து கிராமத்துக்கு வந்துவிட்டது. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அதாவது கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். இ.சி.ஜி. எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நீளமான நோட்டு ஒன்று வேண்டும். தேதி, எடுத்தவர் என்ன நினைத்தார், மேலே இருந்து என்ன சொன்னார்கள், கடைசியில் என்ன ஆனது. இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. இ.சி.ஜி. தாளில் பதிந்த கோடுகள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் நகலெடுத்து ஒட்ட வேண்டும், பெயரை மறைத்து. நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவமனை வாரம் ஒருமுறை தொலைபேசியில் முடிவைச் சொல்ல வேண்டும். பத்து நோயாளிகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மாதம் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ செவிலியரும் 108 பணியாளரும் பயிற்சி மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அந்த மாதத்துத் தாள்களைத் தலைப்பில்லாமல் கலைத்துப் போட்டு, ஒவ்வொருவரும் தன் கணிப்பை எழுதிய பிறகு விடையைத் திறக்க வேண்டும். நலமான இதயத்தின் தாள்களும் அதில் தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். தவறு செய்தவரை அந்த அறையில் யாரும் கடிந்து பேசக் கூடாது. பேசினால் அடுத்த மாதம் யாரும் உண்மையான கணிப்பை எழுத மாட்டார்கள்.

இதில் மருத்துவமனைகள் ஒத்துக்கொள்ள நாளாகலாம். பொதுமக்களாகிய நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் நெஞ்சு வலியோடு இங்கிருந்து மதுரைக்குப் போய்ச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்தால், டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு தாள் தருவார்கள். எந்தக் குழாயில் அடைப்பு, என்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஸ்டென்ட் வைத்திருந்தாலும் சரி, அடைப்பே இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தாலும் சரி, ஒருவேளை அவர் பிழைக்காமல் போயிருந்தாலும், துக்கம் ஆறிய பிறகு, அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு முதலில் இ.சி.ஜி. எடுத்த இடத்துக்குப் போங்கள். அன்றைக்கு இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் யார் என்று கேளுங்கள். அவர் கையில் கொடுங்கள்.